ஸ்லோவுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் எல்லாமே ஸ்லோ. வைஃபை ஸ்லோ, புளோக் லிஃப்ட் ஸ்லோ, சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் ஸ்லோ. தேக்காவில் என் கணவரின் கடையில் வியாபாரமும் ஸ்லோ. போன வாரம் பெற்றோர் சந்திப்பில், தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகனும் ‘கொஞ்சம் ஸ்லோ’ என்று ஆசிரியர் சொன்னார். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், “ஸ்லோன்னா என்னம்மா?” என்று கேட்டார். சட்டென்று எனக்குத் தமிழில் வார்த்தை வரவில்லை. சரியான தமிழ்ச் சொல் எது?

ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே சொல்லாக எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தில் வரும் ஒவ்வொரு ஸ்லோவையும் தமிழில் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொன்றும் வேறு சொல்லைக் கேட்கிறது. வைஃபை இழுக்கிறது. லிஃப்ட் ஆடி அசைந்து வருகிறது. கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் ஓடுகிறது. வியாபாரம் மந்தம். எடுத்த வேலை நகராவிட்டால் சுணக்கம். அக்கறையில்லாமல் தள்ளிப்போட்டால் மெத்தனம். அதையே ஆற அமரச் செய்தால் நிதானம். நிதானம் என்றால் பாராட்டு, மெத்தனம் என்றால் திட்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வள்ளுவர் இதற்குப் பயன்படுத்திய சொல் இன்று கேட்டால் வியப்பாக இருக்கும். ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்கிறது 672-ஆம் குறள். இங்கே தூங்குவது உறக்கம் அல்ல, தாழ்த்திச் செய்வது. தாழ்த்திச் செய்ய வேண்டியதைத் தாழ்த்திச் செய், தாழ்த்தக் கூடாததைத் தாழ்த்தாதே என்கிறார். பழைய பாவகைகளில் ஒன்றான வஞ்சிப்பாவின் ஓசைக்கும் தூங்கல் ஓசை என்றுதான் பெயர்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தவை மெல்லவும் பையவும். மெல்ல என்ற சொல் மென்மையோடு பிறந்தது. வேகம் குறைவு என்பதோடு, இடிக்காமல், நோகாமல் என்பதும் அதற்குள் இருக்கிறது. குழந்தை தூங்கும் வீட்டில் “மெதுவாப் பேசு” என்றால் குரலைத் தாழ்த்து என்று பொருள். ஆங்கிலத்து ஸ்லோவை வைத்து இதைச் சொல்ல முடியாது. மலாயில் முடியும். பெர்லாஹான் என்ற சொல்லுக்கும் வேகம் குறைவு, ஓசை குறைவு என்று இரண்டு பொருளும் உண்டு. நம் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக், “பெலான் பெலான்” என்று இரட்டித்துச் சொல்வதும், நாம் மெல்ல மெல்ல, பையப் பைய என்பதும் ஒரே கரிசனம்தான். சீனர்கள் விடைகொடுக்கும்போது “மான் சோ” என்பார்கள். நேர்ப்பொருள், மெல்ல நடங்கள். நம் ஊரில் “பாத்துப் போங்க” என்கிறோமே, அதுதான்.

பைய உங்கள் மாமியாரின் ஊர்ச் சொல். வட்டாரப் பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குறிப்பறிதல் அதிகாரத்தில் காதலி ஒரு குறளில் ‘மெல்ல நகும்’, நான்கு குறள் தள்ளி ‘பைய நகும்’. மதுரையில் தாம் தங்கியிருந்த மடத்துக்கு வைக்கப்பட்ட தீ, பாண்டிய அரசனைப் போய்ச் சேரட்டும் என்று பாடும்போது சம்பந்தர் ‘பையவே சென்று’ என்கிறார். அந்தப் ‘பையவே’வுக்குச் சேக்கிழார் சொல்லும் காரணங்களில் ஒன்று, பாண்டிய அரசி மங்கையர்க்கரசியின் மங்கலநாணைக் காப்பது. கோபத்தில் பாடிய பாட்டில்கூட ஒரு பெண்ணின் வாழ்வை எண்ணித் தீயின் நடையைக் குறைத்த சொல் அது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நெகிழும்.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்.

‘அவன் ஸ்லோ’ என்று சொல்ல முடிகிறது. ‘அவன் மெல்ல’ என்று சொல்லிப் பாருங்கள், வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். மெல்ல என்ன செய்கிறான் என்று கேட்பவர் கேட்பார். மெல்ல, பைய, மெதுவாக எல்லாம் வினையோடுதான் ஒட்டும். மெல்ல நடக்கிறான், பையச் சாப்பிடுகிறான். செய்கையைத்தான் சொல்ல முடியுமே தவிர, ஆள்மேல் முத்திரை குத்த முடியாது. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் ‘மெல்லக் கற்போர்’ என்கிறார்கள். அதிலும் கற்றல் இருக்கிறது. ஸ்லோவை இரவல் வாங்கியபோது நாம் இந்த வினையைத் தொலைத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் குத்தும் சொல்லே இல்லையென்று சொல்லவில்லை. மந்தம் இருக்கிறதே. கடைக்குச் சொன்னால் வலிக்காது, பிள்ளைக்குச் சொன்னால் வலிக்கும். அந்தச் சொல்லுக்கும் ஒரு பழைய கதை உண்டு. சனிக்கு மந்தன் என்று பெயர். சனைச்சரன் என்ற வடசொல்லுக்கும் மெல்லச் செல்பவன் என்றுதான் பொருள். ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு, மூன்று ராசிக்கு ஏழரை. சூரியனை ஒரு முறை சுற்றிவர அந்தக் கோளுக்குச் சுமார் 29 ஆண்டுகள் ஆகின்றன. அதன் பாதையும் நீளம், நடையும் மெதுவு. நடையை மட்டும் பார்த்தவர்கள் அதை மந்தன் என்றார்கள்.

நம் சாலைச் சந்திப்புகள் பலவற்றில் 2009-இல் தொடங்கிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் வைத்தால், பச்சை மனிதன் இன்னும் சில விநாடி கூடுதலாக எரிவார். அட்டையை வைத்துவிட்டு ஒரு பாட்டி பதறாமல் கடந்துபோவதைப் பார்க்கும்போதெல்லாம், வகுப்பறைக்கும் இப்படி ஒரு கம்பம் வேண்டும் என்று நினைப்பேன்.

ஆகவே அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கும்போது, எதில் மெதுவாக இருக்கிறான் என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதிலா, எழுதுவதிலா, பதில் தெரிந்தும் வாய் திறப்பதிலா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. உங்கள் மாமியாரிடம் இன்று இரவே சொல்லிவிடலாம்: “பையப் படிக்கிறான், அத்தை.” அவருக்கு உடனே விளங்கும்.

அன்புடன்.