காய்ச்சலில் படுத்திருக்கும் பெரியவருக்கு மூளை தெளிய என்ன உணவு கொடுக்கலாம்? வல்லாரை உதவுமா?

கேள்வியின் சாரம் இது: அப்பாவுக்கு 72 வயது, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். டைபாய்டு வந்து ஒரு வாரமாகப் படுக்கை. சாப்பாடு ரசம் சாதமும் குளுக்கோஸ் தண்ணீரும்தான். இரண்டு நாளாகப் பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது, ராத்திரி தூங்காமல் யாரையோ கூப்பிடுகிறார், பகலில் மப்பாகக் கிடக்கிறார். வல்லாரை, தூதுவளை அரைத்துக் கொடுக்கலாமா? மூளைக்கு வலு தர வேறென்ன இயற்கை உணவு உண்டு?

வல்லாரைக்குக் கடைசியில் வருகிறேன். இப்போது அதைக் கொடுப்பது வாய்க்காலில் தண்ணீர் இல்லாதபோது வயலுக்கு உரம் போடுவது மாதிரி. நோயில் படுத்த மூளைக்கு முதலில் சேர வேண்டியவை சர்க்கரை, உப்பு, தண்ணீர், வைட்டமின் பி1, தூக்கம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பெரியவர்கள் பிதற்றுவார்கள்.

இரண்டு நாளில் வந்த தடுமாற்றம் வயோதிக மறதி ஆகாது. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பார்கள். மணிக்கணக்கில் அல்லது நாள்கணக்கில் வரும், காலையில் தெளிந்தமாதிரி இருந்து சாயங்காலம் கூடும், பின்னால் ஒரு காரணம் இருக்கும். டைபாய்டே இப்படி முணுமுணுக்கவைக்கக்கூடியதுதான். ஆனாலும் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது; இன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும். கழுத்து விறைப்பு, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், ஒரு பக்கக் கை கால் விழுதல், வாய் கோணுதல், கண் மஞ்சளாதல், கடுமையான வயிற்று வலி, இதில் எது தெரிந்தாலும் 108க்குப் போன் போட்டுத் தஞ்சை, திருவாரூர், நாகை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பக்கத்தில் இருப்பதற்குக் கொண்டுபோங்கள். நெல்வயல் சூழ்ந்த ஊர்களில் எலிக்காய்ச்சலும், வயல் தண்ணீரில் பெருகும் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் டைபாய்டு போலவே ஆரம்பிக்கலாம். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் தெரியவந்ததே 1955இல், வேலூரில்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. முதலில் சுகர் மெஷினை எடுங்கள். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடலின் செலவு சுமார் 10 சதவீதம் கூடும். சாப்பாடு பாதியாகிவிட்டது, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரியான சுகர் மாத்திரை மட்டும் முழுசாகப் போகிறது என்றால் சுகர் இறங்கத்தான் செய்யும். வியர்வை, நடுக்கம், எரிச்சல், உளறல் எல்லாம் லோ சுகரின் அறிகுறிகள். வயதானவர்களுக்கு வியர்க்காமல் உளறல் மட்டுமேகூட வரும். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகை ஆன்டிபயாடிக் அந்த மாத்திரையோடு சேர்ந்தால் சுகர் இன்னும் இறங்கலாம். நிலவேம்புக் கஷாயமும் சுகரைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது. அதையும் ஊற்றிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மெஷினில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வையுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியதும் கஞ்சியோ இட்லியோ கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மாத்திரை அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். டாபாகுளிஃப்ளோசின் வகை மாத்திரை இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சாப்பிடாமல், உடலில் நீர் வற்றிய நிலையில் அது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடும்.

அடுத்தது உப்பு. நம் பக்கத்தில் அடிக்கடி தவறுவது இங்கேதான். குளுக்கோஸ் பவுடர், இளநீர், வெந்நீர் என்று நாள் முழுக்கக் கொடுக்கிறோம், மூன்றிலும் சோடியம் போதாது. வாந்தி, பேதி, வியர்வையில் போன உப்பு திரும்பாமல் தண்ணீர் மட்டும் சேர்ந்தால் ரத்தச் சோடியம் இறங்கி மூளைச் செல்கள் வீங்கும். இருக்க வேண்டியது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். இறங்க இறங்கக் குமட்டல், மப்பு, உளறல், கடைசியில் வலிப்பு. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் கலந்த பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று முடிபவை பெரும்பாலும் இந்த வகை. அட்டையை எடுத்துப் பாருங்கள், சோடியம் பொட்டாசியம் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எலக்ட்ரோலைட்ஸ் என்றால் லேபில் புரியும்.

சோடியம் குறைந்திருப்பது தெரிந்தால் வீட்டில் உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது அளவாக, மெதுவாக ஏற வேண்டும். வேகமாக ஏறினாலும் மூளைக்குக் கெடுதல். குறையாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் வேலை. அதற்கு ஓஆர்எஸ் போதும். 20.5 கிராம் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டால் அளவு தப்பும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. வேதாரண்யம், நாகைக் கரையோரத்தில் இருப்பவர்கள் இதை உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் கரைக்கக்கூடாது, உப்பு இரட்டிப்பாகிவிடும். கொள்ளிடம் குடிநீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். இதயம் பலவீனமானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கும், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கும் அதைத் தினம் இரண்டு மூன்று என்று வெட்டிக் கொடுக்க வேண்டாம்.

இப்போது கஞ்சி. காவிரிப் பாசனத்தில் இருந்துகொண்டு அரிசியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மூளை சர்க்கரையை எரிக்க வைட்டமின் பி1 வேண்டும். உடலில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். தீட்டிய பச்சரிசியில் அது மிகக் குறைவு. புழுங்கல் அரிசியில், அவிக்கும்போதே தவிட்டுப் பகுதியிலிருந்து உள்ளே இறங்கிவிடுவதால், அதே அளவு தீட்டினாலும் கூடுதலாக நிற்கும். அந்த மிச்சத்தையும் நாம் இரண்டு விதத்தில் தொலைக்கிறோம். நாலைந்து தடவை கழுவுவது ஒன்று, வடித்துக் கொட்டுவது இன்னொன்று. நோயாளிக்குப் பச்சரிசிக் கஞ்சிதான் லேசு என்பது பழக்கம், அவ்வளவுதான். வடித்த சாதமே கொடுப்பதானால் வடிகஞ்சியில் உப்புப் போட்டு அதையும் குடிக்கக் கொடுங்கள்.

ஒரு வேளைக்கு: புழுங்கலரிசி நொய் 50 கிராம், பாசிப்பருப்பு 25 கிராம். ஒரே தடவை அலசுங்கள். 600 மில்லி தண்ணீர், நாலு பல் பூண்டு, கால் டீஸ்பூன் சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில். இறக்கி உப்பும் ஒரு டீஸ்பூன் நெய்யும். சுமார் 300 கலோரி, 10 கிராம் புரதம் கிடைக்கும். வெந்த முட்டை ஒன்றை மசித்துக் கலந்தால் இன்னும் 6 கிராம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி எல்லாம் நல்ல அரிசிகள்தான், உடம்பு தேறியபிறகு. டைபாய்டில் குடல் புண்ணாகியிருக்கும்போது அவ்வளவு நார் வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சடாரென்று இறங்கும், பி1 தீர்ந்துபோகும், மயக்கமும் நெஞ்சுப் படபடப்பும் வரலாம். மேலே சொன்ன கஞ்சியைப் பாதிப் பாதியாக, மூன்று மணிக்கு ஒருதரம் ஆரம்பித்து மூன்று நாலு நாளில் கூட்டுங்கள். குடிப்பழக்கம் இருந்தவர், வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவர் என்றால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன்பே அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், முதலில் தயமின், அதாவது பி1, ஊசி போடுவார்கள். அதைத் தவறவிட்டால் கண் பார்வை அலையும், நடை தள்ளாடும், ஞாபகம் திரும்பாமலே போகக்கூடும்.

பத்தியம் என்று பால், முட்டை, மீன் மூன்றையும் நிறுத்துவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நோயில் இருக்கும் முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் குறைந்தது 72 கிராம். ரசம் சாதத்தில் இதில் கால்வாசி வந்தாலே அதிகம். கஞ்சி இரண்டு வேளை 20, பால் 200 மில்லி வீதம் மூன்று டம்ளர் 20, முட்டை இரண்டு 12, முள் எடுத்த மீன் 100 கிராமில் 18 முதல் 20, இப்படிக் கூட்டினால் எட்டிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. மீன் விஷயத்தில், குழம்பாக வைத்த விரால் எளிதில் செரிக்கும், ஆனால் மூளைக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும்தான் அதிகம். பொரிக்காமல் குழம்பில் போடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் எழுதியிருந்தால் அதைப் பாலோடு விழுங்க வேண்டாம், மருந்து சரியாக உடம்பில் சேராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பால்.

கொடுக்கும் விதம் கொடுக்கும் பொருளைவிட முக்கியம். மப்பாகப் படுத்திருப்பவர் வாயில் பாலாடையால் கஞ்சித் தண்ணீரை விடுவது மிக ஆபத்து. நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். முதுகுக்குத் தலையணை கொடுத்து நேராக உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கச் சொல்லி, டீஸ்பூன் டீஸ்பூனாக. ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தண்ணீராக இருப்பதைவிடக் கூழ் பதம் பாதுகாப்பு. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். இருமல் வந்தால், குரல் நீர் தேங்கினாற்போல் மாறினால் உடனே நிறுத்துங்கள்.

சாப்பாடு அல்லாத சில விஷயங்களும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனோயி குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த, 70 வயதோ அதற்கு மேலோ ஆன 852 பேரில் ஒரு பாதிக்கு மருந்தில்லாமல் சில ஏற்பாடுகள் செய்தார்கள்: நேரமும் இடமும் அடிக்கடி சொல்வது, கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிடுவது, நடக்கவைப்பது, தண்ணீர் கொடுப்பது, இரவில் தூங்குவதற்காகச் சத்தத்தைக் குறைப்பது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம் இவர்களில் 9.9 சதவீதத்துக்கே வந்தது. இதில் வீட்டில் செய்ய முடியாதது என்று எதுவுமே இல்லை. பகலில் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கட்டிலை வெளிச்சத்தில் போடுங்கள். பார்க்க வருகிற உறவுக் கூட்டத்தை ராத்திரி எட்டு மணியோடு அனுப்பிவிடுங்கள். மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும்கூடப் பெரியவர்களைப் பிதற்றவைக்கும், இரண்டையும் தினம் கேளுங்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் மெடிக்கலில் சும்மா வாங்கும் அவில், சிபிஎம் மாத்திரைகள் இந்த வயதில் புத்தியை இன்னும் குழப்பும். தினமும் காபி குடித்துப் பழகியவருக்கு அடியோடு நிறுத்தினால் தலைவலியும் மந்தமும் வரும். காலையில் ஒரு அரை டம்ளர் போதும், மத்தியானத்துக்கு மேல் வேண்டாம்.

வல்லாரைக்கு வருவோம். நோயில் வந்த குழப்பத்தை அது தெளிவாக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வல்லாரையைப் போலவே மூளைக்குச் சொல்லப்படும் நீர்ப்பிரம்மி என்ற மூலிகையின் சாற்றில் நடந்த ஞாபகசக்தி ஆய்வுகள்கூடப் பெரும்பாலும் நல்ல உடம்போடு இருப்பவர்கள் சுமார் 12 வாரம் சாப்பிட்டுப் பார்த்தவை. இரண்டு நாள் பிதற்றலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதைவிட, பாமணியாற்று வாய்க்கால் கரையில் பறித்த கீரையைப் பச்சையாக அரைத்துக் கொடுத்தால் சாக்கடைக் கிருமியும் வயலில் அடித்த மருந்தும் புண்ணான குடலுக்குள் சேர்ந்து போகும். டைபாய்டு வந்த வழியே அந்த மாதிரித் தண்ணீர்தான். வல்லாரையை மாத்திரையாக வாரக்கணக்கில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்கள் பற்றிய மருத்துவக் குறிப்புகள் உண்டு. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மப்பும் கூடலாம். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து, சுத்தமான இடத்தில் வளர்ந்த கீரையாக ஒரு கைப்பிடி, உப்பு மஞ்சள் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மூன்று தடவை அலசி, உளுந்து, மிளகாய், புளியோடு நன்றாக வதக்கித் துவையலாக வாரம் இரண்டு நாள் கொடுங்கள். கீரையாக அது நல்ல கீரை. தூதுவளை சளிக்குச் சொல்லப்படுவது. முள் எடுத்து ரசம் வைக்கலாம், மூளைக்கென்று அதற்குத் தனி வேலை இல்லை.

உடம்பு தேறினாலும் புத்தி முழுசாகத் தெளியச் சில வாரம் ஆகலாம், பதறாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் பெயர் மறக்கிறது, பாதம் மரத்துப்போகிறது என்றால் பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். மெட்ஃபார்மினும், வருஷக்கணக்கில் போடும் கேஸ் மாத்திரையும் பி12ஐக் குறைக்கும். பழைய சோற்றிலும் கீரையிலும் அது நம்பும் அளவுக்குக் கிடைக்காது. பால், முட்டை, மீனில் கிடைக்கும். ரொம்பக் குறைந்துபோயிருந்தால் ஊசி போட வேண்டிவரும்.