நீச்சல் குளமும் பாத்ரூம் கதவும்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஃப்ளோரிடாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ‘தி வில்லேஜஸ்’ என்ற முதியோர் ஊருக்குக் கூட்டிப்போனான். தெருவெல்லாம் கோல்ஃப் வண்டி, திரும்பிய பக்கமெல்லாம் நீச்சல் குளம், சாயங்காலமானால் சதுக்கத்தில் பாட்டும் ஆட்டமும். இவர் அசந்துபோய்விட்டார். இப்போது கோவையில் நீச்சல் குளத்தோடு ஒரு முதியோர் குடியிருப்பு பார்த்து, முன்பணம் கட்டலாம் என்கிறார். எனக்கு 66, அவருக்கு 71. தினமும் கேரம் ஆடப் போகிறவர். வடசென்னைக்காரர்களுக்கு அந்த வாழ்க்கை ஒத்துவருமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

ஒத்துவருமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீச்சல் குளம் இரண்டு தடவை வருகிறது, பாத்ரூம் ஒரு தடவைகூட இல்லை. 71 வயதுக்காரருக்கு வீடு பார்க்கிற லட்சணமா இது?

உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. 1960-ல் அரிசோனாவில் சன் சிட்டி என்ற முதியோர் ஊரைத் திறந்தபோதே கோல்ஃப் மைதானத்தைக் காட்டித்தான் வீடு விற்றார்கள். நீங்கள் பார்த்த ஊரில் 19 வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளை வருஷத்துக்கு 30 நாள்தான் தங்கலாம், அது தெரியுமா? போகட்டும், ஃப்ளோரிடாவை விடுங்கள்.

கோவையில் மாதிரி வீட்டைக் காட்டும்போது ஹாலில் நிற்காமல் நேரே பாத்ரூமுக்குப் போங்கள். கையில் டேப் இருக்கட்டும். கதவுநிலைக்குள் 90 செ.மீ. இடைவெளி வேண்டும். 75 போதும், சக்கர நாற்காலி நுழையும் என்பார்கள். நுழையும்தான், சக்கரத்தைத் தள்ளுகிற விரல் முட்டி இரண்டு பக்கமும் தோல் உரியும். கதவு உள்பக்கம் திறக்கவே கூடாது. உள்ளே விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியே நிற்பவர் தள்ளத் தள்ள அவருக்குத்தான் அடி. தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்க முடிய வேண்டும்.

அடுத்து வாசல் கல். படுக்கையறைக்குத் தண்ணீர் வரக்கூடாது என்று மேஸ்திரி இரண்டு அங்குலத்துக்குக் கல் வைத்துவிடுவார். தூக்கக் கலக்கத்தில் கால் இடறுவது அதில்தான். சுத்த சோம்பேறித்தனம்! மீட்டருக்கு ஒன்றரை, இரண்டு செ.மீ. வாட்டம் கொடுத்துத் தளம் போட்டால் தண்ணீர் தானாக ஓடிவிடும், கல்லே வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும்.

டவல் கம்பியைக் காட்டிக் கைப்பிடி என்பார்கள். வெட்கப்படாமல் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள். பூச்சுக்குள் மட்டும் இறங்கிய ஸ்க்ரூ கையோடு வந்துவிடும், செங்கல்லுக்குள் ஆங்கர் போல்ட் இறங்கியிருக்க வேண்டும். கமோடு உட்காரும் உயரம் 45-லிருந்து 48 செ.மீ. அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் வலிக்காரர் எழ முடியாது.

இவ்வளவும் சரியாக இருந்தால், மே மாதத்தில் மூன்று ராத்திரி வாடகைக்குத் தங்குங்கள். ஒரு ராத்திரி 2 மணிக்குப் பாத்ரூம் அவசர மணியை அழுத்துங்கள். தரையில் கிடப்பவர் கைக்கு எட்டும்படி அதில் கயிறு தொங்குகிறதா? எத்தனை நிமிஷத்தில் வருகிறார்கள்? வருகிறவர் நர்ஸா, வாட்ச்மேனா? கோபித்துக்கொண்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: படுத்துவிட்டால் அதே வீட்டில் வைத்துப் பார்ப்பார்களா, மாதக் கட்டணம் எப்படி ஏறும், ஒருவர் போனபின் மற்றவருக்குக் குறையுமா. வாய்ச்சொல் வேண்டாம். பொதுச் சமையலறை பல இடங்களில் சைவம்தான். காசிமேட்டு மீன் சாப்பிட்ட நாக்குக்கு வீட்டிலாவது குழம்பு வைக்க விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

கேரம் போர்டு கட்டாயம் இருக்கும். மேலே பவுடர் இருக்கிறதா, தூசியா என்று தடவிப் பாருங்கள். ராயபுரத்து, வியாசர்பாடிக் கைகளோடு ஆடியவருக்குப் போர்டு மட்டும் இருந்து என்ன, எதிரே உட்கார ஆள் வேண்டாமா? பாவம் அவர்.

முன்பணம் இப்போது வேண்டாம். முதலில் உங்கள் தண்டையார்பேட்டை வீட்டுப் பாத்ரூம் கதவை அளந்து எழுதுங்கள். இரண்டடிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.