உணவைக் கணக்கெடுக்க எந்தச் செயலி?

கேள்வி: எடையைக் குறைக்க, அன்றாடம் உண்பதைப் பதிவு செய்யும்படி கிளினிக்கில் கூறினார்கள். எந்தச் செயலி ஏற்றது? எங்கள் வீட்டில் சமைத்து உண்பதே வழக்கம்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வீட்டுச் சமையலே வழக்கம் என்பதால், சொந்தச் சமையல் குறிப்பைக் கிராம் கணக்கில் சேமிக்க உதவும் செயலியே தங்களுக்குத் தேவை, சகோதரி. மைஃபிட்னஸ்பால், குரோனோமீட்டர் இரண்டிலும் அவ்வசதி உண்டு. முன்னதில் ரொட்டி சானாய், நாசி லெமாக் போன்றவை எளிதில் கிடைத்தாலும், பல பதிவுகள் பயனர்களே இட்டவை என்பதால் ஒரே உணவுக்கு வெவ்வேறு கலோரி எண்கள் வந்து நிற்கும். பின்னது பெரிதும் சரிபார்த்த தரவுகளைச் சார்ந்தது. நான் பரிந்துரைப்பது அதையே. ஐயம் எழுந்தால், சுகாதார அமைச்சின் மலேசிய உணவுச் சத்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எந்தச் செயலியானாலும், சட்டியில் ஊற்றும் எண்ணெயைத் தாங்கள் எழுதாவிட்டால் அதற்குத் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. குழம்பில் சேரும் தேங்காய்ப்பாலும், தே தாரிக்கில் கலக்கும் டின் பாலும் அப்படியே விடுபட்டுப் போகின்றன. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, சமைத்த குழம்பை, வெறும் சட்டியின் எடையைக் கழித்து நிறுத்து, அந்த மொத்த எடையைச் சமையல் குறிப்பில் எழுதிவிட்டு, அன்றாடப் பதிவில் தட்டில் இட்டுக்கொள்ளும் அளவை மட்டும் பதியுங்கள்.

இனிப்புநீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், செயலி காட்டும் கலோரி இலக்கை மருத்துவரிடம் காட்டிய பிறகே உணவைக் குறைக்கத் தொடங்குங்கள்.