மூடியைத் திறந்துவிட்டால் வழக்கு போய்விடுமா?

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் என் பொழுதுபோக்கு. 30 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளும் பவர் சப்ளை ஒன்றை ஆன்லைனில் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். 5 வோல்ட்டில் வைத்து, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை இணைத்து சுவிட்சைப் போட்டதுமே போர்டு எரிந்துவிட்டது. வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் நண்பரின் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால், ஆன் செய்யும் நொடியில் 17 வோல்ட் வரை எகிறுகிறது. அப்புறம்தான் மூடியைக் கழற்றினேன். எர்த் வயர் பெட்டியோடு இணைக்கப்படவே இல்லை. "சீல் உடைந்தது, வாரண்டி கிடையாது" என்கிறார் விற்றவர். தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: "அப்புறம்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-ஆம் பிரிவு, சேதம் நடந்த நேரத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோதான் விற்றவரைக் காப்பாற்றும். நீங்கள் திறந்தது போர்டு எரிந்த பிறகு. அதை நிரூபிக்கத் தேதியுள்ள படங்கள், நண்பரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எர்த் வயரை நீங்களே இணைத்துச் சரிசெய்ய மட்டும் கிளம்பிவிடாதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்குக் கை சும்மா இருக்காது என்று தெரியும்!

தயாரிப்பாளர் யாரென்று தெரியாதபோது பொறுப்பு விற்றவர் தலையில் விழும் என்கிறது 86-ஆம் பிரிவு. அதை வைத்துப் போர்டுக்கு நஷ்டஈடு கேட்கலாம். சப்ளைக்குக் கொடுத்த பணத்தைப் பழுதான பொருள் என்ற அடிப்படையில் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் பழுதான பொருளால் மற்றவற்றுக்கு வரும் சேதத்துக்குத்தான் 'தயாரிப்புப் பொறுப்பு' என்று பெயர், அந்தப் பொருளுக்கே வந்த சேதம் அதற்குள் வராது.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். இந்த அளவுப் பணத்துக்குப் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் தேவையில்லை, என் ஃபீஸே சப்ளை விலையைத் தாண்டிவிடும். ஆணையம் சப்ளையைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் அந்தச் செலவை உங்களைக் கட்டச் சொல்லலாம். அதனால் 17 வோல்ட் எகிறுவதை, சப்ளையின் சீரியல் எண்ணும் தெரியும்படி இப்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். எர்த் இல்லாத பெட்டி, எடுக்கும்போது உலோகப் பகுதியைத் தொடாதீர்கள்.