அம்மாவை எழுதி வாங்கிய 96

வாசகியின் கடிதம்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 20. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. நான் பிறப்பதற்கு முன்பே பெரியப்பா தன் தம்பியான என் அப்பாவுக்காகப் போட்டு வைத்த அமெரிக்க விசா விண்ணப்பம் ஒருவழியாக முறை வந்து, 14 வயதில் அப்பா, அம்மா, தம்பியோடு அமெரிக்கா வந்தேன். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் வருடம். அடுத்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும், அதற்கு மார்க் முக்கியம். பொதுப்பாடம் ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்பதால், அமெரிக்க விழுமியங்களும் சமூகமும் என்ற வகுப்பில் சேர்ந்தேன். அன்று பிடித்தது சனி.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எதையாவது படிக்கக் கொடுப்பார்கள். படித்ததும் நமக்கு என்ன தோன்றியது என்று மூன்று பக்கம் எழுதித் தர வேண்டும். முதலில் தோக்வில். அமெரிக்கச் சிறைகளைப் பார்த்து அறிக்கை எழுத 1831-ல் வந்த பிரெஞ்சுக்காரர். ஒன்பது மாதம் சுற்றிவிட்டு நாட்டைப் பற்றியே எழுதிவிட்டார். ஜனநாயகத்தில் மனிதன் மெல்ல மெல்ல முன்னோரை மறந்து தனக்குள்ளேயே அடைபட்டுப் போவான் என்கிறார். இரண்டு முறை படித்தேன். புரியாத சொல்லுக்கெல்லாம் பென்சிலில் தமிழ் அர்த்தம் எழுதி வைத்தேன். 72 போட்டார் புரொஃபசர். ஓரத்தில் பச்சை மையில், "நல்ல சுருக்கம். இதில் நீ எங்கே?"

அடுத்தது அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன், 1841-ல் தற்சார்பு பற்றி எழுதிய கட்டுரை. தன் உள்ளிருந்து அழைப்பு வந்தால் அப்பா, அம்மா, மனைவி, சகோதரன் எல்லோரையும் ஒதுக்கிவிட்டுப் போவேன் என்கிறார். அதே 72, அதே பச்சை மை.

மூன்றாவது தோரோ, எமர்சனின் நண்பர், குளக்கரையில் தனியாக வாழ்ந்து பார்த்து அதைப் புத்தகமாக எழுதியவர். இதை நான் நன்றாகவே எழுதினேன் மேடம். குளக்கரையில் தானே கட்டிய வீட்டுக்கு ஆணி, சுண்ணாம்பு வரைக்கும் கணக்குப் போட்டு 28 டாலர் 12½ சென்ட் என்கிறார். ஆனால் அந்த நிலம் எமர்சனுடையது. துணி துவைத்ததும் கிழிசல் தைத்ததும் பெரும்பாலும் வெளியே நடந்தது, அதற்குப் பில் இன்னும் வரவில்லை என்று அவரே எழுதுகிறார். யார் துவைத்தது என்று சொல்லவில்லை. நடக்கிற தூரத்தில் அம்மா வீடு. அம்மா பில் போடுவாளா, அது என்றைக்கு வரும் என்று கேட்டிருந்தேன். அதற்கு 78. "கூர்மை. ஆனால் நீ?"

வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. "எங்கள் தாத்தா எப்படித் தெரியுமா" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசுவார்கள். அவர்களுக்கு நல்ல மார்க். எல்லா மனிதரும் சமம் என்று 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர் என்று நான் சொன்னால், "ம்ம், கஷ்டமான விஷயம்" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். என் குழுவில் ஒருத்தி, "உங்கள் நாட்டில் இன்னும் பெண்களைக் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்து வைக்கிறார்களாமே?" என்று கேட்டாள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஃபிரெடரிக் டக்ளஸ் படித்தோம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவரை மேடையேற்றிய வெள்ளைக்கார நண்பர்கள், நடந்ததை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். என் வகுப்பும் அப்படித்தான் இருக்கிறது.

சரி என்று நான்காவது கட்டுரையில் வீட்டைப் பற்றி எழுதினேன். 19 வயதில் அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது, அப்பாவை அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்தது, தனக்கென்று ஒரு கனவு காணக்கூட யாரும் அவருக்குச் சொல்லித் தராதது. பொய் ஒன்றும் எழுதவில்லை. 96 வந்தது! வகுப்பில் வாசிக்கச் சொன்னார். அதே குழுப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதாவது படித்தால் 72, புலம்பினால் 96. இது என்ன நியாயம்? தம்பி அந்த மார்க்கைப் பார்த்துவிட்டுத் தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டான். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியும். 'அம்மா' என்ற சொல்லை நான் அப்படியே போட்டிருந்ததால் அதைக் கண்டுபிடித்து, "என்னைப் பத்தியாடி? படிச்சுக் காட்டேன்" என்றார். "உன் சமையலைப் பத்திதாம்மா" என்று சொல்லித் தாளை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அது வேறு விஷயம், இங்கே தேவையில்லை.

வீட்டில் யாரிடமும் பேச முடியவில்லை. அப்பா கேஸ் ஸ்டேஷனில் இரவு வேலை. இந்த மாநிலத்தில் யாரும் தன் வண்டிக்குத் தானே பெட்ரோல் போடக் கூடாது என்று சட்டம். தற்சார்பு பேசும் நாட்டில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது அதனால்தான்! வகுப்பைப் பற்றிச் சொன்னால், "படிக்கப் போனியா, நியாயம் பேசப் போனியா?" என்பார். அம்மா ஊரில் இரண்டு மெஷின் போட்டுத் தையல் கடை வைத்திருந்தவர். இரண்டையும் விற்றுவிட்டு வந்தார். இப்போது இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் புடவை எடுப்பவர்களுக்கு வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். என் புத்தகச் செலவு அதில்தான். ராத்திரி பதினொரு மணிக்கும் மெஷின் ஓடும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன். இப்போது கேட்டாலே எரிச்சலாக வருகிறது.

கடைசிக் கட்டுரைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தால் ஒரு வரி ஓடவில்லை. வகுப்பை விட்டுவிடலாமா? 72 போட்டதைப் பற்றிப் புகார் கொடுக்கலாமா? எனக்கு டிப்ரஷனா? நான் இந்த ஊர்க்காரியாக மாறிக்கொண்டிருக்கிறேனா?

இப்படிக்கு,
ஒரு மாணவி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள பெண்ணே,

என் மகளுக்கும் உன் வயதுதான், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

வகுப்பை விடாதே. புகாரும் வேண்டாம். டிப்ரஷன் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் சரியில்லை என்றால் காலேஜிலேயே ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரித்துப் போய்ப் பார். இதையெல்லாம் இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டேனே என்று நினைக்காதே. நீ "இங்கே தேவையில்லை" என்று தள்ளிவிட்டுப் போன இடத்தில்தான் எனக்கு உன் கடிதமே ஆரம்பிக்கிறது.

ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று ஒரு அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். அத்தனை ஆங்கிலத்துக்கு நடுவில் தன்னை எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார். அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! நீ சமையல் என்றாய். அவசரத்தில் வந்த பொய்தான். ஆனால் அதைக் கொஞ்சம் பார். உன் அம்மாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதலாம் என்றால், சட்டென்று உன் வாயில் வந்தது அடுப்படி. தையல்கூட வரவில்லை.

தையல் கட்டுரையிலும் இல்லை என்றே நினைக்கிறேன். எனக்கு எழுதிய கடிதத்திலும் அது புத்தகச் செலவுக் கணக்கில்தான் தலைகாட்டுகிறது. இரண்டு மெஷின் போட்டுக் கடை நடத்திய ஒரு பெண்ணை, கனவே காணத் தெரியாதவர் என்று எழுத முடிந்தது எப்படி? பொய் எழுதவில்லை என்கிறாய், நம்புகிறேன். கல்யாணம் நடந்தது உண்மை, ஒரு தடவைதான் பார்த்தார் என்பதும் உண்மை. கடையைச் சேர்த்திருந்தால் வகுப்பில் யாரும் கண்ணைத் துடைத்திருக்க மாட்டார்கள். அது உனக்கு எழுதும்போதே தெரியும்.

உன் புரொஃபசர் பக்கம் நான் பேசுவது உனக்குப் பிடிக்காது. பரவாயில்லை. மார்க்கை எப்படிப் போட்டாரோ, அதை விடு. கேட்ட கேள்வி சரியானது. இதில் நீ எங்கே என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறை தப்பித்துவிட்டு, நான்காவது முறை அம்மாவைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாய். 14 வயதில் ஊரைவிட்டு வந்தவள் நீ. பென்சிலில் தமிழ் அர்த்தம் எழுதிக்கொண்டு படிப்பவள், குழுவில் ஒருத்தி கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள். இவள் எந்தக் கட்டுரையிலாவது வருகிறாளா? அந்தப் பெண்ணின் கேள்வி உன்னைச் சுட்டது நியாயம்தான். ஆனால் அவள் எதிர்பார்த்த பதிலை நீயே எழுதி, நீயே வாசித்தும் காட்டிவிட்டாய்.

டக்ளஸைச் சரியான இடத்தில்தான் பிடித்தாய். அவரிடம் கேட்டது நடந்ததை மட்டும்தான். அவர் அதோடு நிற்கவில்லை. 1852 ஜூலை 5-ஆம் தேதி ராச்செஸ்டர் நகரில், சுதந்திர தின உரை கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், உங்கள் ஜூலை 4-இல் அடிமைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டவர். கதையும் அவருடையது, அதற்கு என்ன பொருள் என்று சொல்லும் வாயும் அவருடையது. உன் கட்டுரையில் கதை அம்மாவுடையது. பொருள் சொன்னது நீ. அவரைக் கேட்டாயா?

தோரோவிடம் நீ கேட்ட கேள்வியைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன், நல்ல கேள்வி. துவைத்த பில்லும் தைத்த பில்லும் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போன மனிதரைப் பார்த்து, அது என்றைக்கு வரும் என்று கேட்டாய். உன் வீட்டில் அது வந்துவிட்டது. "படிச்சுக் காட்டேன்" என்பதுதான் அது. நீ அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடியிருக்கிறாய்.

மெஷின் சத்தம் ஏன் எரிச்சலாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

அம்மா கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம் மேலே இருப்பது. அடியில் வேறு ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் எனக்கு எழுது. அதை எழுதும்போது உனக்கு இனித்தது. அம்மாவை அப்படிச் சின்னதாக எழுத எழுத, நீ கொஞ்சம் பெரிதானாய். இந்த ஊர்க்காரியாக மாறுகிறேனா என்று கேட்கிறாயே, இதற்கு எந்த ஊரும் பொறுப்பில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் படிக்கப் போகிற பெண்ணும் முதல் வருட லீவில் வந்து அம்மாவை இப்படித்தான் பார்க்கிறாள். நானும் பார்த்தேன். 20 வயதில் இது குற்றமில்லை. 30 வயதிலும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால்தான் கவலை.

இன்னொன்றும் தோன்றியது. உன் கட்டுரையில் அம்மா கட்டுண்டவர், அமெரிக்கா விடுதலை. குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாள் நிற்கும் நாடு என்று எல்லாரும் உனக்குப் படிக்கக் கொடுத்த அந்த நாடு, உங்களை உள்ளே விட்டது எதற்காக? 1965-ல் எழுதிய குடியேற்றச் சட்டம் உறவுமுறைக்கு முக்கியமான இடம் கொடுத்திருக்கிறது. அப்பா ஒருவருக்குத் தம்பி என்பதற்காக விசா கிடைத்தது. அம்மா மெஷினை விற்றது யார் சொல்லி? அப்பா சொன்னாரா, இல்லை போவோம் என்று முதலில் சொன்னதே அம்மாவா? உனக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன்.

அந்தத் தாளை வெளியே எடு. அம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டு, தமிழில், ஒவ்வொரு வரியாக. கனவைப் பற்றிய வரியை விழுங்காதே. வகுப்பில் வாசித்ததையும் ஒருத்தி அழுததையும் சேர்த்துச் சொல். முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படிக்காதே, அப்புறம் அவர் உன்னைத் தேற்றுவதில் இறங்கிவிடுவார். படித்து முடித்துச் சும்மா இரு.

கோபப்படலாம். இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். "கடையை எங்கடி?" என்று கேட்கலாம். அவர் இதைத்தான் கேட்பார் என்று நானும் உன்னைப் போல ஆசைப்படுகிறேன், ஆனால் அதை நம்பிப் போகாதே. நீ எழுதியது சரிதான், எனக்கு வேறு மாதிரி வாழ ஆசை இருந்தது என்றும் அவர் சொல்லலாம். அதற்கு உன்னிடம் பதில் இருக்காது. இருக்க வேண்டியதில்லை.

கடைசிக் கட்டுரையைப் பற்றி இப்போது யோசிக்காதே. எதை எழுதினாலும், அம்மா அதில் வந்தால், கொடுப்பதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கொடு.

மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்துவிடாதே. சத்தத்தில் பாதி கேட்காது, கேட்காத பாதியை நீ மாற்றிவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் பிளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார். கண் துணியில் இருக்கும், உன்னைப் பார்க்க மாட்டார். உனக்கும் அதுதான் சௌகரியம்.