பிஸ்டல் இருக்கிற வீட்டுக்குக் குடிபோகும் தங்கச்சிக்கு

கலியாணம் முடிந்து கிரீன் கார்ட் விசாவில் ஹூஸ்டன் போகப் போகிறீர்கள். அங்கே உங்கள் கணவர் படுக்கையறை அலுமாரியில் ஒரு பிஸ்டல் வைத்திருக்கிறார். வந்ததும் லோட் பண்ணப் பழக்குவதாகச் சொல்கிறார். உங்களுக்குப் பயம், அதைத் தொடாமலே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் வெள்ளவத்தையிலிருந்து அதே ஊருக்குப் போய்க் குடியேறியவள்தான். இப்போது அம்மாவைப் பார்க்கக் கொழும்புக்கு வந்து நிற்கிறேன். காலி வீதிச் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டியபடி வளர்ந்த எங்களுக்குத் துவக்கு என்றால் சீருடைக்காரரின் கையில் இருப்பது. டெக்சாஸில் பக்கத்து வீட்டு ஆன்ரியிடமும் இருக்கும். 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத்தடை இல்லாத, 21 வயது நிரம்பியவர்கள் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு திரியலாம்.

என் பதில் இதுதான். சுட விருப்பமில்லையென்றால் சுடவே வேண்டாம். ஆனால் அது இருக்கிற வீட்டில் வாழப்போகிறவருக்கு அதை வெறுமையாக்கத் தெரியத்தான் வேண்டும். லோட் பண்ணுவது அதற்கு அடுத்த பாடம். உங்கள் கணவர் அந்த ஒழுங்கை மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் ரவை, அதாவது தோட்டா, இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று கைப்பிடிக்குள் போகும் ரவைக்கூடு, அதாவது மகசின். மற்றது குழலின் பின்முனையில் ஒரேயொரு ரவை நிற்கும் சேம்பர். மகசினைக் கழற்றிவிட்டேன், இனி ஒன்றுமில்லை என்று நம்பித்தான் பலர் தங்களையோ பக்கத்தில் நின்றவரையோ சுட்டிருக்கிறார்கள். மகசின் இல்லாவிட்டாலும் பெரும்பாலான பிஸ்டல்கள் சேம்பரில் இருக்கும் அந்த ஒன்றைச் சுடும். கிளொக் போன்றவற்றில் பெருவிரலால் தள்ளிப் பூட்டும் சேஃப்டியும் வழக்கமாகக் கிடையாது.

ஆகவே குழல் யாரையும் பாராத திசையில் இருக்க, விரல் சுடும் விசைக்கு வெளியே இருக்க, முதலில் மகசினைக் கழற்றுங்கள். பிறகுதான் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடைக் கடைசிவரை பின்னுக்கு இழுக்க வேண்டும். சேம்பரில் இருக்கும் ரவை வெளியே விழும். ஸ்லைடை அப்படியே பின்னால் கொளுவி நிறுத்திவிட்டு, சேம்பருக்குள்ளும் மகசின் போகும் வழியிலும் வெளிச்சத்தில் பாருங்கள், சின்ன விரலை விட்டும் தடவிப் பாருங்கள். வரிசை மாறினால் ஆபத்து: மகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்து விட்டால், ஒரு ரவை வெளியே விழும், அடுத்தது சேம்பருக்குள் ஏறிவிடும். விழுந்ததைப் பார்த்து வெறுமையாகிவிட்டது என்று நினைப்பீர்கள். கணவர் வெறுமையாக்கித் தந்தாலும் நீங்கள் ஒருமுறை பாருங்கள். அவர் கோபிக்கக் கூடாது, கோபித்தாலும் பாருங்கள்.

யாரையும் பாராத திசை என்பதற்கு அங்கே கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளவத்தை ஃபிளாட்டின் கொங்கிரீட் சுவரை மனதில் வைக்காதீர்கள். அங்கே உள்சுவர்கள் ஜிப்சம் பலகை. 9 மில்லிமீற்றர் ரவை ஒரு சுவரைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும்.

விரலை இங்கிருந்தே பழக்கலாம். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே போத்தலை எடுக்கும்போதெல்லாம் சுட்டுவிரலை அமுக்கியில் வைக்காமல் பக்கவாட்டில் நீட்டி வையுங்கள். கை தானாக அப்படிப் போகும்வரை செய்யுங்கள்.

சரி, லோட் பண்ணுவது. அதை வீட்டில் பழக வேண்டாம், சுடும் ரேஞ்சில் ஒரு பயிற்றுநரிடம் பழகுங்கள். கணவன் மனைவிக்குக் கார் ஓட்டப் பழக்கினால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. ரவையின் முனை முன்னுக்குப் பார்க்க, மகசினின் மேல்விளிம்புக்கு அடியில் அழுத்திப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கடைசி ஒன்றிரண்டுக்குப் பெருவிரல் நோகும். மகசினை டக் என்று பூட்டும்வரை ஏற்றி, ஸ்லைடை முழுதாக இழுத்துக் கையை விட்டுவிடுங்கள். பயத்தில் பிடித்தபடியே மெல்ல முன்னுக்குக் கொண்டுபோனால் ரவை சரியாக ஏறாமல் சிக்கும். பிடிக்கும்போது பெருவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, வெட்டிவிடும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் துவக்கைத் திருப்பிப் பார்க்காதீர்கள். இலக்கைப் பார்த்தபடியே 30 விநாடி வைத்திருங்கள். சத்தம் வழமையைவிடச் சின்னதாகக் கேட்டால் அடுத்த ரவையைச் சுடவே கூடாது, முந்தியது குழலுக்குள் நிற்கலாம்.

கழுத்து மூடிய சட்டை போடுங்கள். வெளியே தெறிக்கும் சூடான வெற்றுக் கோது உடுப்புக்குள் விழுந்தால், ஆள் துவக்கோடு துள்ளித் திரும்புவதுதான் பெரிய ஆபத்து. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு கட்டாயம். முடிந்ததும் கையை சோப் போட்டுக் கழுவுங்கள், ஈயத்தூள் இருக்கும். கர்ப்பமாக இருந்தால் ரேஞ்ச் பக்கமே போக வேண்டாம்.

அலுமாரி சரிவராது. போன உடனே ஒரு பூட்டுப் பெட்டி வாங்கச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விருந்துகளில் பிள்ளைகள் எல்லா அறைக்குள்ளும் ஓடுவார்கள். கவனக்குறைவால் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு ரவை போட்ட துவக்கு போனால், அது டெக்சாஸ் சட்டப்படி குற்றம்.

உங்கள் தம்பி அங்கே படிக்க வரப்போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை ரேஞ்சுக்குக் கூட்டிப்போக வேண்டாம். மாணவர் விசா, எச்-1பி வேலை விசா போன்ற தற்காலிக விசாக்காரர் துவக்கையோ ரவையையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதற்குள் அடங்கும். 15 வருடம்வரை சிறை விதிக்கலாம். வேட்டை அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பிப் போகுமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்.

அப்புறம், ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையில் ஊருக்கு உடுப்பு அடுக்காதீர்கள். அனுமதியில்லாத ஒரு ரவை மூலையில் கிடந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிரச்சினைதான். அதற்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.