"மூச்சு வாங்குதும்மா" என்று சொல்லப் பழக்குங்கள்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வருடமாக வீசிங் இருக்கிறது. டாக்டர் நீல நிறத்தில் ஒன்று, பிரவுன் நிறத்தில் ஒன்று என இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நன்றாக இருக்கும் நாட்களில் பிரவுனை நிறுத்திவிடுகிறோம். போன மாதம் பள்ளியில் விளையாட்டு பீரியடில் மூச்சு வாங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பேசவே முடியவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். "அவன்கிட்ட ஆஸ்துமானு சொல்லாதே, பயந்துக்குவான்" என்கிறார் மாமியார். இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்றும் சொல்கிறார்கள். இவ்வளவு சின்னப் பையனுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? எந்த வயதில் அவனே மருந்தை எடுத்துக்கொள்ளலாம்?
ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த மரத்தடிதான் மனதில் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் நீல இன்ஹேலரை எடுத்திருந்தால் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வரை போயிருக்காது. மருந்து வீட்டில் இருந்தது. பள்ளியில் டீச்சர் இருந்தார். பையன் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று இந்த வயதுப் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "சொன்னா விளையாட விட மாட்டாங்க டாக்டர்." சில பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா அழுவாங்க" என்பார்கள். மூச்சு வாங்குகிறது என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஐஸ்கிரீமோ கிரிக்கெட்டோ பறிபோனால், அடுத்த முறை எந்தக் குழந்தை சொல்லும்?

அதனால் இன்ஹேலரைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். "நீ சொன்னால் திட்டு கிடையாது. மருந்து எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரலாம். மூச்சு முழுசாகச் சரியானதும் திரும்ப ஆடலாம்." விளையாட்டு வாத்தியாரிடமும் இதையே சொல்லி வையுங்கள். அவன் சொன்ன முதல் தடவை நீங்கள் முகத்தைப் பதறாமல் வைத்துக்கொண்டீர்கள் என்றால் பாதிப் பாடம் முடிந்தது.

மாமியார் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால், அவன் ஏற்கெனவே அந்த வார்த்தையைக் கேட்டிருப்பான். மருந்துக் கடையில், நீங்கள் போனில் தங்கையிடம் பேசும்போது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் எல்லாம் காதில் விழுந்திருக்கும். பெரியவர்கள் மறைத்துப் பேசும் விஷயத்துக்குத்தான் குழந்தை அதிகம் பயப்படும். "உனக்கு இருப்பது ஆஸ்துமா. நிறைய பேருக்கு இருக்கு. மருந்து இருக்கு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் விளக்கம். என் மேஜையில் எப்போதும் ஒரு பழைய காலண்டர் தாளும் கொஞ்சம் பஞ்சும் இருக்கும். தாளைக் குழாயாகச் சுருட்டிப் பிள்ளையிடம் கொடுத்து ஊதச் சொல்வேன். காற்று தாராளமாகப் போகும். "இதுதான் உன் மூச்சுக்குழாய்." பிறகு உள்ளே பஞ்சைத் திணிப்பேன். "இது வீக்கம். நீ நல்லா இருக்கிறப்பகூட உள்ளே கொஞ்சம் இருக்கும்." அடுத்து என் கையால் குழாயைச் சுற்றிப் பிடித்து இறுக்குவேன். "இது மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கிற தசை. தூசியோ சளியோ வந்தால் இப்படி இறுக்கிப் பிடிக்கும்." இப்போது ஊதினால் காற்று போகாது. கன்னம் உப்பும், சிரிப்பார்கள்.

நீல இன்ஹேலர் (சால்புட்டமால்) என் கைப்பிடியை மட்டும் தளர்த்தும். சில நிமிடங்களில் வேலை செய்யும், நான்கைந்து மணி நேரம் தாங்கும். பஞ்சைத் தொடாது. பிரவுன்தான் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறது. அதற்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். போன வருடம் ஒரு சிறுமி இந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நல்லா இருக்கிறப்ப நிறுத்தினா பஞ்சு திரும்ப வந்துடுமா?" என்று கேட்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவே தேவைப்படவில்லை. உங்கள் வீட்டில் பிரவுனை நிறுத்தி நிறுத்திக் கொடுப்பதற்கும் இதுதான் பதில். குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. (சில பிள்ளைகளுக்கு இரண்டு வேலையையும் செய்யும் ஒரே இன்ஹேலரைத் தருகிறார்கள், நிறங்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் மருந்துச் சீட்டில் உள்ளதே உங்களுக்குக் கணக்கு.)

"பழகிவிடும்" என்ற பயம் தேவையில்லை. இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. நிறுத்தினால் திரும்ப வருவது ஆஸ்துமா. பிரவுனில் இருப்பது ஸ்டீராய்டுதான், மறைக்கவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் இதே வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் 25 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஸ்டீராய்டு மாத்திரை தர வேண்டிவரும். எடையில் நூறு மடங்குக்கும் மேல். தினமும் இன்ஹேலர் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை கவனித்த ஆய்வில், உயரத்தில் வித்தியாசம் சுமார் 1 சென்டிமீட்டர்தான் இருந்தது. இரவெல்லாம் இருமித் தூங்காத பிள்ளையின் வளர்ச்சியும் பாதிக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சிரப் சாதுவானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 5 மில்லி சால்புட்டமால் சிரப்பில் 2 மில்லிகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். ஆக, ஒரு ஸ்பூன் சிரப் 20 அழுத்தத்துக்குச் சமம். அது வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்து சுற்றி வருவதால்தான் கை நடுக்கம், படபடப்பு எல்லாம்.

சரி, எப்படி எடுப்பது? 8 வயதுப் பையனுக்கு முகமூடி வேண்டாம். வாயில் வைக்கும் ஸ்பேசர் (இன்ஹேலரை ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையில் மருந்தை இழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) போதும். நேராக உட்கார வேண்டும். மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்த வேண்டும். பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக மூடிக்கொண்டு ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும். ஐந்து முறை நிதானமாக மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட வேண்டும். சில ஸ்பேசர் வேகமாக இழுத்தால் விசில் அடிக்கும். "விசில் வராமல் இழு" என்று அதையே ஒரு விளையாட்டாக்கிவிடலாம். அரை நிமிடம் பொறுத்து, திரும்பக் குலுக்கி, அடுத்தது. இரண்டு அழுத்தத்தையும் ஒன்றாக உள்ளே அடித்துவிட்டு ஒரே இழுப்பில் முடிப்பவர்கள்தான் அதிகம்; மருந்தில் பாதி வீண். பிரவுன் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

ஸ்பேசரை மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். ஒரு பாட்டி பேரனின் ஸ்பேசரைத் தினமும் துணியால் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். துணி உரசினால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறும், மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பாவம், அவர் சுத்தத்துக்குப் பெயர் போனவர்.

உங்கள் மகனுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். புது இன்ஹேலர் பெட்டியில் எத்தனை டோஸ் என்று போட்டிருக்கும், பெரும்பாலும் 200. காலையில் 2, இரவில் 2 என்றால் எத்தனை நாள் வரும்? 50 நாள் என்று அவனே கண்டுபிடித்து, தீரும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடட்டும். மருந்து மீதி இருக்கிறதா என்று இன்ஹேலரைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது தவறு. குலுக்கிப் பார்ப்பதும் உதவாது. மருந்து தீர்ந்த பிறகும் 'புஸ்' என்று காற்று வந்துகொண்டுதான் இருக்கும்.

இதைவிட முக்கியமான பாடம், தன் உடம்பு கொடுக்கும் முதல் சமிக்ஞையைத் தெரிந்துகொள்வது. அது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். ஒருவனுக்கு ராத்திரி இருமல். ஒருத்திக்குத் தாடைக்குக் கீழே அரிப்பு. இன்னொருவன், "நெஞ்சு மேல புத்தகப் பை வச்ச மாதிரி" என்றான். மருத்துவப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. போன முறை மூச்சு வாங்குவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று உங்கள் மகனிடம் நிதானமாகக் கேளுங்கள். அவன் சொல்லும் வார்த்தையை அப்படியே டீச்சருக்கும் சொல்லுங்கள்.

பிறகு சிக்னல் விளக்கு. ராத்திரி நன்றாகத் தூங்குகிறான், ஓடி ஆடுகிறான் என்றால் பச்சை: பிரவுன் மட்டும். இருமல், இழுப்பு, விளையாட முடியவில்லை என்றால் மஞ்சள்: நீலம் எடுக்க வேண்டும், பெரியவரிடம் சொல்ல வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் நீலம் தேவைப்பட்டாலோ இருமல் ராத்திரி எழுப்பினாலோ டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, சோர்ந்து தூங்கி விழுகிறான் என்றால் சிவப்பு. உட்கார வைத்து, படுக்க வைக்காமல், நீல இன்ஹேலரை ஸ்பேசரில் ஒவ்வொரு அழுத்தமாகக் கொடுங்கள், அரை நிமிடத்துக்கு ஒன்று, 10 வரை. கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் முன்னேற்றம் இல்லையென்றால் திரும்பக் கொடுக்கலாம். தைலம் தேய்ப்பதிலும் ஆவி பிடிப்பதிலும் நேரத்தைப் போக்க வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதுவரை கேட்ட 'கீச் கீச்' சத்தம் திடீரென்று நின்றுபோகும். "சத்தம் குறைஞ்சிடுச்சு, பரவாயில்லை" என்று வீட்டில் நிம்மதியாவார்கள். பிள்ளை சிரமப்பட்டுக்கொண்டே இருக்க, சத்தம் மட்டும் நின்றால் உள்ளே காற்றே போகவில்லை என்று அர்த்தம். அதுதான் மிக ஆபத்தான நிமிடம்.

எது கிளப்பிவிடுகிறது என்பதை அவனையே துப்பறியச் சொல்லுங்கள். ஒரு சின்ன நோட்டுப் போதும். இந்த வயதில் முதல் எதிரி சாதாரண ஜலதோஷம். அடுத்து புகை: கொசுவர்த்தி, ஊதுபத்தி, தலை குளித்ததும் போடும் சாம்பிராணி, போகியன்று தெருவெல்லாம் எரியும் பழைய பாய். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால், மொட்டை மாடியில் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையோடு வரும். தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு என்று ஒரு பெரிய பட்டியலே நம் ஊரில் உண்டு. அதைச் சாப்பிட்டதும் ஒவ்வொரு முறையும் வருகிறது என்று நோட்டு சொன்னால் ஒழிய, நிறுத்தாதீர்கள்.

எந்த வயதில் அவனே எடுக்கலாம் என்று கேட்டீர்கள். ஒரே நாளில் சாவியைக் கொடுப்பது போல ஒப்படைக்க முடியாது. 5 வயதில் சொல்லத் தெரிந்தால் போதும். 8 வயதில் அவன் கையாலேயே எடுக்கலாம். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 10, 11 வயதில் நீலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எப்போது தேவை என்று முடிவெடுக்கலாம். பிரவுன் விஷயத்தில் மட்டும் மீசை முளைக்கும் வரை உங்கள் கண் இருக்கட்டும். பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்தால் மறதி குறையும். தன்னால் முடியும் என்று பிள்ளை காட்டியதும் பெற்றோர் முழுசாகக் கையை விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் அட்டாக்கோடு வருகிறார்கள். இதை எத்தனை முறை பார்த்துவிட்டேன்!

பள்ளிக்கு இன்னொரு நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் வேண்டும். அது ஆபீஸ் அலமாரியில் பூட்டி இருந்தால் பிரயோஜனமில்லை. வகுப்பு டீச்சர் மேஜையிலோ அவன் பையிலோ இருக்க வேண்டும். சிக்னல் விளக்கை ஒரே தாளில் எழுதி, உங்கள் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, கூடவே ஒட்டிக் கொடுங்கள். விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஓடினாலே இழுக்கிறது என்றால், விளையாடப் போவதற்குக் கால் மணி நேரம் முன்னால் நீலம் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். "என்ன பண்ணுது?" என்று அவர் கேட்டதும் உங்களுக்கு வாய் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு பையனைப் பாருங்கள். அவன் முதலில் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பான். அரை நிமிடம் கழித்துப் பேச ஆரம்பிப்பான்.